தெப்ராவில் ஒரு ரப்பர் எவ்வளவு நீண்டது

மலேசியாவின் செனாய் விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி என் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, "என்ன வேலையாக வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். "ரப்பர் பார்க்க" என்றேன். நூறு வருடத்துக்கு முன்னால் கப்பலில் வந்து இறங்கிய நம் ஆட்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருப்பார்கள். என் தொந்தியைப் பார்த்ததும் இவன் மரம் ஏதும் சீவப்போவதில்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது. முத்திரை குத்தி அனுப்பினார்.

கோயம்புத்தூரில் நான் நடத்துவது இரண்டு பேர் கொண்ட நிறுவனம். இன்னொருவர் என் மனைவி. எனக்கு மேலதிகாரி. நாங்கள் செய்வது என்னவென்று உறவினர்களுக்கு இன்றுவரை புரியவில்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று நினைத்துக் கொண்டு கல்யாண வீடுகளில் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். உண்மையில் எங்கள் வேலை இதுதான். ஒரு பொருளைக் கணினிக்குள் ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரிப்போம். ஒரு முனையைப் பிடித்து இழுப்போம். எந்தக் கட்டம் எவ்வளவு நீள்கிறது, எங்கே முதலில் கிழியும் என்று பார்ப்போம். அந்த நீட்சிக்குப் பாடப்புத்தகம் வைத்த பெயர் திரிபு. தொழிற்சாலைகளில் ஸ்ட்ரெயின்.

ஜொகூரில் தெப்ராவ் பக்கம் ரப்பர் உறைகள் செய்கிற ஒரு தொழிற்சாலையிலிருந்து அழைப்பு. ஒரு சிங்கப்பூர் நிறுவனத்தின் இயந்திரத் தண்டுக்கு, வாளி அகலத்தில் ஓர் உறை. தண்டு நீளும்போது உறையின் கழுத்து இழுபடும். இழுப்பு அறுபது சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சிங்கப்பூரின் நிபந்தனை. தாண்டவில்லை என்று வெளியாள் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். மலிவான வெளியாள் யார் என்று தேடியதில் நான் கிடைத்திருக்கிறேன்.

முதலாளி குணசேகரனே விமான நிலையத்துக்குக் காரோடு வந்திருந்தார். அவர் அதைக் காடி என்றார். "பசியாறிட்டீங்களா சார்?" என்பதுதான் முதல் கேள்வி. பசியாறுவது என்றால் இங்கே காலைச் சாப்பாடு. விமானத்தில் ஆறியிருந்த பசியை வழியில் ஒரு கடையில் மறுபடி ஆற்றினோம். ரொட்டி சானாய்க்கு மூன்று குழம்பு ஊற்றினார்கள். தேநீர் வந்த கிளாஸைப் பார்த்து அது இருவருக்கும் பொது என்று நினைத்து வெறும் டம்ளர் கேட்டேன். குணா, "இது உங்களுக்கு மட்டும்தான் சார்" என்றார். எங்கள் ஊரில் அந்த அளவுத் தேநீரில் ஒரு கிளை அலுவலகத்தையே நடத்திவிடலாம்.

சாலையில் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் அமைதியாகப் போனதில் எனக்குக் காது அடைத்துவிட்டதோ என்று சந்தேகமே வந்தது.

மறுநாள் தொழிற்சாலையில் ஸ்டெல்லாவைச் சந்தித்தேன். நாற்பதை நெருங்குகிற வயது. பல வருடங்கள் அந்த இடத்தில் கொட்டேஷன் மேஜையில் உட்கார்ந்து விலை சொல்லிக் கொண்டிருந்தவர். மாலை வகுப்பில் பொறியியல் படித்து முடித்து, முதலாளியை ஒரு வருடம் நச்சரித்து, உருவகப்படுத்தும் மென்பொருளை வாங்க வைத்திருக்கிறார். இந்த உறைதான் அவர் தனியாக வடிவமைத்த முதல் பொருள்.

"இது பெயிலாச்சுன்னா அந்தக் கம்ப்யூட்டர வித்துட்டு ஸ்டெல்லா மறுபடி கொட்டேஷனுக்குப் போயிடணும். அதான் எங்களுக்குள்ள பேச்சு" என்றார் குணா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

இரண்டு தலைமுறைக்கு முன் ரப்பர் மரம் சீவிய குடும்பம், இன்று கணினியில் ரப்பரை இழுக்கிறது என்று ஓர் அழகான வாக்கியத்தை விமானத்திலேயே தயார் செய்து வைத்திருந்தேன். அதற்கு ஓர் ஆதாரம் வேண்டுமே என்று அவருடைய தாத்தாவைப் பற்றிக் கேட்டேன்.

"தாத்தா லாரி ஓட்டினாரு சார். அப்பா போஸ்ட் ஆபீஸ். ரப்பர் மரத்த நான் ஸ்கூல் டூர்லதான் பாத்தேன்."

வாக்கியத்தைத் திரும்பப் பையில் போட்டுக் கொண்டேன்.

அறிக்கையை நீட்டினார். கணினி சொன்ன அதிகபட்சத் திரிபு நாற்பத்தொன்பது சதவீதம். பட்டறையில் உண்மையான உறையை இழுத்து, ரூலர் வைத்து அளந்தது ஐம்பத்தொன்று. இரண்டும் அறுபதுக்குக் கீழே. இரண்டும் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு. என் தொழிலில் கணக்கும் சோதனையும் சம்பந்திகள் மாதிரி. போட்டோவில் மட்டும்தான் சேர்ந்து நிற்பார்கள். இவ்வளவு ஒற்றுமையைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. பேனாவைத் திறந்துவிட்டேன்.

அப்போதுதான் படத்தின் ஓரத்தில் வண்ணப் பட்டைக்கு மேலே இருந்த சின்ன எழுத்து கண்ணில் பட்டது. "இது லாக் ஸ்ட்ரெயினா ஸ்டெல்லா?"

"ஆமா சார். சாஃப்ட்வேர் அதானே தானா குடுக்குது?"

இங்கே வாசகருக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரே நீட்சியைப் பல விதமாக அளக்கலாம். என் இடுப்பை எடுத்துக் கொள்ளுங்கள். கல்யாணத்தன்று முப்பது அங்குலம், இன்று நாற்பத்திரண்டு. என் மனைவி எப்போதும் கல்யாண நாளோடுதான் ஒப்பிடுவார்: நாற்பது சதவீதம் ஏறிவிட்டது. இது பொறியியல் திரிபு. ரூலர் காட்டுவதும் இதைத்தான். என் தையற்காரர் ஒவ்வொரு முறையும் போன முறை எடுத்த அளவோடு ஒப்பிடுவார். "போன தடவைக்கு இப்ப ஒண்ணும் பெரிசா இல்ல சார்." அந்தச் சின்னச் சின்ன உயர்வுகளைக் கூட்டினால் முப்பத்து நான்கைத் தொடாது. இது மடக்கைத் திரிபு, அதாவது லாக். என் டாக்டர் எதையும் வர்க்கப்படுத்தித்தான் பயமுறுத்துவார். அவர் கணக்கில் நாற்பத்தெட்டு. அதற்கு கிரீன் திரிபு என்று பெயர். மூவரும் பொய் சொல்லவில்லை. இடுப்பும் ஒன்றுதான். ஆனால் தையற்காரரின் எண்ணை எடுத்துக்கொண்டு மனைவியின் வரம்பைத் தாண்டவில்லை என்று வாதாட முடியாது. நான் முயன்றிருக்கிறேன்.

சிங்கப்பூரின் அறுபது எந்த வகை? ஸ்டெல்லா நிபந்தனைத் தாளைப் பார்த்தார். ரப்பர் பட்டையை இழுத்து, நீண்டதை ஆரம்ப நீளத்தால் வகுத்தது. மனைவி வகை. நான் செல்பேசியில் கால்குலேட்டரைத் தேடிக் கொண்டிருக்கும்போதே அவர் தம்முடையதில் தட்டி முடித்திருந்தார்.

"லாக் நாப்பத்தொன்பதுன்னா, இதுல அறுபத்து மூணு" என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

குணா கையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களோடு உள்ளே வந்தார். விஷயத்தைச் சொன்னோம்.

"அலமாக்! அப்ப ரூலர் அம்பத்தொண்ணு காட்டிச்சே? ரூலர் பொய் சொல்லுமா?" கொஞ்சம் யோசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சார், நாப்பத்தொன்பதும் ஒரு ஸ்ட்ரெயின்தானே? நம்ம ஒண்ணும் பொய் எழுதலயே? அப்படியே போட்டுடுங்களேன்."

நியாயமாக அந்த இடத்தில் நான் நெஞ்சை நிமிர்த்தி ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் பொட்டலத்தைப் பிரித்துக் கொண்டிருந்தேன். பதில் ஸ்டெல்லாவிடமிருந்து வந்தது.

"ரப்பர் லாக் படிக்கல பாஸ். அது பாட்டுக்கு அறுபத்து மூணு இழுபடும், ஒரு நாள் கிழியும்."

சம்பல் காரமாக இருந்தது. வாயைத் திறக்காமல் இருக்க அது ஒரு நல்ல காரணம்.

ஆனாலும் அந்த ஐம்பத்தொன்று எப்படி வந்தது? மூவரும் பட்டறைக்குப் போனோம். சோதனை செய்கிறவர் ரசாக் என்ற மலாய்க்காரர். பத்து மில்லிமீட்டர் சதுரங்கள் கொண்ட ஒரு முத்திரையை வைத்திருக்கிறார். அதை ரப்பர் மேல் குத்தி, இழுத்து, சதுரம் எவ்வளவு நீண்டது என்று அளப்பார். எங்களுக்காக ஒருமுறை செய்து காட்டினார். உறையை இயந்திரத்தில் மாட்டி, இரண்டு முனைகளையும் முடுக்கி, துணியால் துடைத்து, முத்திரையைக் குத்தினார். சதுரங்கள் பள்ளிக்கூடக் கணக்கு நோட்டு போல இருந்தன. அவர் மலாயில் சொன்னதை ஸ்டெல்லா மொழிபெயர்த்தார்: "தொளதொளவென்று கிடக்கும் ரப்பரில் குத்தினால் கோணலாகிவிடும். மாட்டியபிறகு குத்தினால் எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள்."

மொழிபெயர்த்துக் கொண்டே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மாட்டும்போதே கொஞ்சம் இழுத்துத்தானே மாட்டறோம்?"

அலமாரியிலிருந்து இன்னோர் உறையை எடுத்து மேஜைமேல் தளர்வாகப் போட்டு, தாமே முத்திரை குத்தினார். பிறகு மாட்டச் சொன்னார். இயந்திரம் இழுக்க ஆரம்பிக்கும் முன்பே, பத்து மில்லிமீட்டர் பத்தே முக்காலைத் தாண்டியிருந்தது. மாட்டுவதிலேயே எட்டு சதவீதம் போயிருக்கிறது. ரசாக்கின் அழகுணர்ச்சி அதை இத்தனை நாளாக மறைத்திருக்கிறது. தப்பான வகைத் திரிபும், தாமதமாகக் குத்திய முத்திரையும் கைகோத்துக்கொண்டு நாற்பத்தொன்பது, ஐம்பத்தொன்று என்று எங்கள் முன் வந்து நின்றிருக்கின்றன. நான் அந்த ஜோடியைப் பார்த்துத்தான் கண் கலங்கினேன்.

குணா விரல்விட்டு எண்ணினார். முகம் மலர்ந்தது. "அம்பத்தொண்ணும் எட்டும் அம்பத்தொன்பது! அறுபதுக்குக் கீழதான்லா!"

"கூட்டக் கூடாது பாஸ். நீண்டதுக்கு மேல நீளுது. பெருக்கணும்." ஒன்று புள்ளி ஐந்து ஒன்றை ஒன்று புள்ளி பூஜ்யம் எட்டால் பெருக்கிக் காட்டினார். அதே அறுபத்து மூன்று.

"அந்த மெஷின அப்பவே வாங்கியிருக்கக் கூடாது" என்று முனகிக்கொண்டே குணா வெளியே போனார். எந்த மெஷினைச் சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்தச் சிங்கப்பூர் நிறுவனத்திலிருந்து மிஸ் லிம் என்பவர் வெள்ளிக்கிழமை வந்து தம் கண்முன் சோதனை செய்யச் சொல்லப் போகிறார். அன்று செவ்வாய்.

ஸ்டெல்லா சாயங்காலம்வரை திரையை விட்டு நகரவில்லை. உறையின் கழுத்தில் வளைவு கொஞ்சம் கூர்மை. இழுப்பு முழுவதும் அங்கே போய்க் குவிகிறது. வளைவைப் பெரிதாக்கினால் பரவிவிடும். பெரிதாக்கிப் பார்த்தார், போதவில்லை. இன்னும் பெரிதாக்கினார், தண்டு சுருங்கும்போது உறையின் மடிப்பு மூடவில்லை. நடுவில் ஒன்றைப் பிடித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டபோது ஆமாம் என்றும் கேட்காதபோது தேநீர் என்றும் சொல்லிக் கொண்டிருந்தேன். கடைசி ஓட்டத்தில் லாக் நாற்பத்து நான்கு. மாற்றினால் ஐம்பத்தைந்து.

புதன்கிழமை உறை வார்க்கும் அச்சைத் திருத்தத் தம்போயில் இருக்கும் ஒரு பட்டறைக்கு அனுப்பினார்கள். அதைப் போய்ப் பார்க்கிறேன் என்று வீராப்பாகச் சொல்லித் தனியாகப் பேருந்து ஏறினேன். கோயம்புத்தூரில் முப்பது வருடம் டவுன்பஸ்ஸில் போனவனுக்கு இது ஒரு விஷயமா? முக்கால் மணி நேரம் கழித்தும் இரண்டு பக்கமும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை மரங்களாகவே வந்தன. ஓட்டுநர் தமிழர்.

"தம்போய் வந்துருச்சாங்க?"

"தம்போயா? அண்ணே, இது கூலாய் பஸ். தம்போய் அந்தப் பக்கம், நமக்கு முதுகுப் பக்கம்."

"இறங்கிடட்டுமா?"

"இங்க இறங்கி என்ன செய்வீங்க, செம்பனை வெட்டவா? கூலாய்ல நல்லா சாப்ட்டுட்டு இதே பஸ்ல வாங்க, நானே இறக்கி விடறேன்."

சொன்னபடி சாப்பிட்டேன். ஜொகூர் லக்சா என்று ஒன்று. மீன் குழம்பில் இத்தாலிக்காரர்களின் ஸ்பகெட்டியைப் போட்டுத் தருகிறார்கள். ஏன் என்று கடைக்காரப் பெண்மணியைக் கேட்டேன். "சுல்தானுக்குப் பிடித்ததாம். உனக்குப் பிடிக்கவில்லையா?" என்றார். பிடித்தது. இரண்டாவது கிண்ணம் வாங்கினேன். தம்போய் போய்ச் சேர்ந்தபோது அச்சு வேலை முடிந்து தெப்ராவுக்கே திரும்பியிருந்தது. நான் இல்லாததால் வேலை எதுவும் தடைபடவில்லை என்பதை அனைவரும் உறுதி செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில்தான் புது அச்சிலிருந்து முதல் உறை வெளியே வந்தது. முன்கூட்டி இழுத்துப் பார்க்க நேரமில்லை. சிங்கப்பூர்ப் பாலத்தில் நெரிசல் என்பதால் மிஸ் லிம் தாமதமாக வந்தார். ஒல்லியான, சிரிக்காத பெண். சொந்தமாக அளவுகோல் கொண்டுவந்திருந்தார்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். எதையும் இழுத்துப் பார்ப்பதற்கு முன்னால் ஆளுக்கு ஓர் எண்ணை வெள்ளைப் பலகையில் எழுதிவிட வேண்டும். உண்மையிலிருந்து அதிகம் விலகியவர் எல்லோருக்கும் பெலான்ஜா, அதாவது விருந்து. வாடிக்கையாளர் வந்தாலும் விதிவிலக்கு கிடையாது. ரசாக் ஐம்பத்திரண்டு எழுதினார். குணா சாமியைக் கும்பிட்டுவிட்டு ஐம்பது எழுதினார். நான் எதற்கும் இருக்கட்டும் என்று ஐம்பத்தேழு. ஸ்டெல்லா ஐம்பத்தைந்து என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

"நீங்களும் எழுதுங்கள்" என்று மிஸ் லிம்மிடம் பேனாவை நீட்டினார் குணா.

அவர் வாங்கவில்லை. மடிக்கணினியைத் திறந்தார். "நீங்கள் அனுப்பிய புதிய வரைபடத்தை எங்கள் அலுவலகத்தில் நேற்று ஓட்டிப் பார்த்தோம். எழுபத்தொன்று வருகிறது. இந்தச் சோதனையே தேவையா என்று யோசிக்கிறேன்."

 குணாவின் பார்வை கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் காலியாகக் கிடந்த கொட்டேஷன் மேஜைக்குப் போயிற்று. ஸ்டெல்லாவும் அதைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமினேன். இந்த ஒரு இடத்துக்காகத்தானே விமானச் சீட்டு போட்டுக் கூட்டி வந்திருக்கிறார்கள்? ஸ்டெல்லா என்னைப் பார்க்காமலே கையை லேசாக உயர்த்தினார். இருங்கள் என்று அர்த்தம்.

"மிஸ் லிம், அது எந்த ஸ்ட்ரெயின்?" ஆங்கிலத்தில்தான் கேட்டார். 

"மென்பொருள் கொடுத்த ஸ்ட்ரெயின்."

"எங்க சாஃப்ட்வேரும் ஒண்ணு குடுத்துச்சு. அத நம்பி நான் மூணு வாரம் தூங்கினேன். தலைப்ப கொஞ்சம் பாருங்களேன்."

மிஸ் லிம் திரையை நெருங்கிப் பார்த்தார். கிரீன். என் டாக்டர் வகை.

ஸ்டெல்லா பலகைக்குப் போனார். எழுபத்தொன்று சதவீதத்தைப் புள்ளி ஏழு ஒன்று என்று எழுதி இரட்டித்தார், ஒன்றைக் கூட்டினார், வர்க்கமூலம் எடுத்தார், ஒன்றைக் கழித்தார். ஐம்பத்தைந்தரை. "உங்க எழுபத்தொண்ணும் என் அம்பத்தஞ்சும் ஒரே இழுப்பு."

"எழுபத்தொன்று எப்படி ஐம்பத்தைந்தாகும்? பேரம் பேசுகிறீர்களா?"

"பல வருஷம் விலை சொன்ன கைதான். ஆனா இது பேரம் இல்ல. நீங்க கொண்டாந்த ரூலர வைங்க."

ரசாக் தளர்வான உறையிலேயே முத்திரை குத்தினார். சதுரங்கள் கோணலாக விழுந்தன. பெற்ற பிள்ளைக்கு மொட்டை போட்ட மாதிரி ஒரு முகத்தோடு விலகி நின்றார். மாட்டினார்கள். தண்டு மெல்ல நீண்டது. கழுத்து இழுபட்டது. ரப்பர் பளபளத்தது. குணா முணுமுணுத்துக் கொண்டிருந்தார். எனக்கு, என் பெயர் அந்த அறிக்கையில் வரப் போகிறது என்பதே மறந்துவிட்டது. அந்த அடிக்கோடு போட்ட எண் பிழைத்தால் போதும் என்றிருந்தது.

மிஸ் லிம் குனிந்து அளந்தார். இன்னொரு சதுரத்தை அளந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு முதல் சதுரத்தையே மறுபடி அளந்தார்.

"பதினைந்தரை மில்லிமீட்டர்" என்றார். பத்தாக இருந்தது பதினைந்தரை. ஐம்பத்தைந்து சதவீதம்.

யாரும் கைதட்டவில்லை. தொழிற்சாலையில் அந்தப் பழக்கம் இல்லை. ஸ்டெல்லா பேனாவின் மூடியை எடுத்து மெதுவாக அழுத்தி மூடினார். அவ்வளவுதான். எனக்குத்தான் மார்பு விம்மியது. கணக்கு போட்டது நானில்லை, வளைவைத் திருத்தியது நானில்லை, அச்சைப் பார்க்கக்கூட நான் போய்ச் சேரவில்லை. இருந்தும், தீவுகளையும் கடலையும் தாண்டி வந்து, ஓர் எண் சொன்னபடி நடந்துகொண்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன் என்பதே பெருமையாக இருந்தது. இந்தத் தொழிலுக்கு வந்ததற்காக நான் வருத்தப்படாத நாட்களில் அதுவும் ஒன்று. அறிக்கையில் மூன்று வகைத் திரிபும் மூன்று வரியாக, எது எதோடு ஒப்பிடத் தக்கது என்ற குறிப்போடு இருந்தது. வழக்கமாக நான் கிறுக்குவேன். அன்று முழுப் பெயரையும் எழுதினேன்.

மிஸ் லிம் வெள்ளைப் பலகையைப் படம் எடுத்துக் கொண்டார். "எங்கள் அலுவலகத்தில் இதை யாருக்காவது விளக்கச் சொன்னால் அழைக்கலாமா?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டார். அதன் பிறகு அடுத்த உறையின் வரைபடத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். ஐம்பது எழுதிய குணாதான் பெலான்ஜா. வாழை இலைச் சாப்பாட்டுக்கு எல்லோரையும் கிளப்பிக் கொண்டிருந்தார்.

அப்போது கண்ணாடிக்கு அப்பால் கொட்டேஷன் மேஜைமேல் தொலைபேசி அடித்தது. பல வருடப் பழக்கம், ஸ்டெல்லா பாதி எழுந்துவிட்டார்.

"நீ ஒக்காரும்மா" என்றார் குணா. தாமே நடந்து போய் எடுத்தார். கதவு திறந்திருந்ததால் எங்களுக்குக் கேட்டது.

"ஹலோ… ஆமாங்க… ஸ்டெல்லாவா? இல்லங்க, கொட்டேஷனுக்கு இனிமே வேற ஆளு."  அடுத்ததை, பட்டறை முழுவதும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார். "ஸ்டெல்லா எங்க இஞ்சினியருங்க."